ஒரே பெயர், பல பிரதிகள்: டெங்கு ஏன் எல்லோரிடமும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை?

2017ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் கழிந்த கையோடு எங்கள் பாடசாலையின் வரவு இடாப்பில் வெற்றிடங்கள் கூடிக்கொண்டே போயின. நாடு முழுவதும் டெங்கு. என் வகுப்பில் படித்த பதினைந்து வயது மாணவன் ஒருவனும், ஐந்தாம் ஆண்டில் படித்த அவன் தம்பியும் ஒரே கிழமையில் காய்ச்சலில் விழுந்தார்கள். சின்னவன் ஐந்து நாளில் எழும்பி விளையாடத் தொடங்கிவிட்டான். மூத்தவனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்று வீட்டார் நிம்மதியடைந்த அன்று பின்னேரம்தான், கை கால் குளிர்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். மூன்று நாள் அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தான். அல்ஹம்துலில்லாஹ், பிழைத்துக்கொண்டான்.

பார்க்கப் போன என்னிடம் அவனுடைய உம்மா கேட்டார். "ஒரே வீடு சேர், ஒரே சாப்பாடு. ஒரே நுளம்புதான் ரெண்டு பேரையும் கடிச்சிருக்கும். சின்னவன் எழும்பிட்டான். மூத்தவனுக்கு மட்டும் ஏன் சேர் இப்படி?" நான் வாய் திறக்குமுன் பக்கத்தில் நின்ற உறவுக்காரப் பெண் பதில் சொன்னார். "கண்ணூறுதான். இல்லாட்டி இவ சரியாப் பாக்கல்ல." அந்த இரண்டாவது வசனம் அந்தத் தாயின் முகத்தில் விழுந்ததை நான் பார்த்தேன்.

நான் தமிழ் படிப்பிப்பவன். அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. பிறகு தேடி வாசித்தபோது, அந்தத் தாய் கேட்டது மருத்துவ உலகம் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி என்பது தெரிந்தது. ஒரே நோய் ஏன் ஒருவரைத் தொட்டும் தொடாமலும் போகிறது, இன்னொருவரைப் படுக்கையில் வீழ்த்துகிறது? விடையின் ஒரு பகுதி நமது உடலின் பழைய கதையில் இருக்கிறது. மற்றொரு பகுதி, நாம் அதிகம் பேசாத ஓரிடத்தில், வைரசின் எழுத்துகளில் இருக்கிறது.

பெயர் ஒன்று, ஆட்கள் நால்வர்

ஒரே மாதிரித் தோன்றும் நோய்களைப் பிரித்துப் பார்ப்பதில் நமது முன்னோருக்குப் பெரிய பங்குண்டு. கி.பி. பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வபாத்தான அபூபக்ர் அர்ராஸி, பெரியம்மையையும் சின்னமுத்தையும் வேறுபடுத்தித் தனிநூல் எழுதினார். இரண்டும் காய்ச்சலும் கொப்புளமுமாக வருபவை, ஒன்றாகவே எண்ணப்பட்டவை. படுக்கையருகே இருந்து கவனித்து அவற்றின் அடையாளங்களை அவர் பிரித்துக் காட்டினார். ஆனால் பெரியம்மைக்குள்ளேயே இரண்டு வகை இருந்ததை உலகம் அறிய இருபதாம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது. ஒரு வகை, தொற்றியவர்களில் நூற்றுக்கு முப்பது பேரளவில் கொன்றது. மற்றதில் இறந்தவர் நூற்றுக்கு ஒருவர் அளவுதான். பெயர் ஒன்று, வைரசின் பிரதிதான் வேறு.

டெங்குவும் அப்படித்தான். டெங்கு-1, டெங்கு-2, டெங்கு-3, டெங்கு-4 என்று நான்கு வகை வைரசுகள் இந்த ஒரு பெயருக்குள் இருக்கின்றன. முதலிரண்டும் 1940களில் பிரித்தறியப்பட்டன. மற்ற இரண்டும் 1956இல் மணிலாவில் பரவிய நோயிலிருந்து கண்டறியப்பட்டன. இந்த நால்வரின் புரத அமைப்பு ஒருவருக்கொருவர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வேறுபடுகிறது. ஒரு வகை தொற்றிக் குணமானவருக்கு அந்த வகைக்கெதிரான நிர்ப்பீடனம் நீண்டகாலம் இருக்கும். மற்ற மூன்றுக்கும் எதிரான பாதுகாப்புச் சில மாதங்களில் தேய்ந்துவிடும். "எனக்கு ஒருக்கா வந்திட்டுது, இனிப் பயமில்ல" என்று நம்மவர் சொல்வது அதனால்தான் ஆபத்தான பேச்சாகிறது.

ஒவ்வொரு வகைக்குள்ளும் மீண்டும் பல கிளைகள். அந்தக் கிளைகள் எப்படி உண்டாகின்றன?

உஸ்தாத் இல்லாத ஓதல்

டெங்கு வைரசின் முழுப் பிறப்புரிமைச் செய்தியும் ஆர்.என்.ஏ. எனும் ஒற்றை இழையில் எழுதப்பட்டிருக்கிறது. நான்கே எழுத்துகள், மொத்தம் ஏறத்தாழ 10,700 எழுத்து நீளம். பத்துப் புரதங்களை ஆக்குவதற்கு வேண்டிய கட்டளை அவ்வளவும் அதற்குள் அடக்கம். மனிதக் கலத்துக்குள் நுழைந்ததும் வைரசு இந்தப் பிரதியை ஆயிரமாயிரம் தடவை பெயர்த்தெழுத வைக்கிறது.

ஹிப்ழு மத்ரசாவில் பிள்ளை ஓதும்போது உஸ்தாத் முன்னால் இருப்பார். ஒரு ஹரகத் பிசகினாலும் நிறுத்தித் திருத்துவார். நமது கலங்கள் தமது டி.என்.ஏ.யைப் பிரதி செய்யும்போது இப்படிப் பிழை திருத்தும் ஏற்பாடு ஒன்று உண்டு. டெங்கு வைரசின் பெயர்த்தெழுதும் நொதியத்துக்கு அப்படி ஓர் உஸ்தாத் இல்லை. எழுதியது எழுதியதுதான். எனவே ஒரு நோயாளியின் உடலிலேயே, ஓரிரு எழுத்துப் பிசகிய பிரதிகள் ஏராளமாக உண்டாகின்றன. இந்த எழுத்துப் பிசகையே விகாரம் என்று உயிரியல் பாடநூல் சொல்கிறது.

பெரும்பாலான பிசகுகள் வைரசையே முடக்கிவிடும். சிலவற்றால் எந்த மாற்றமும் வராது. எப்போதாவது ஒரு பிசகு வைரசுக்கு வாய்ப்பாக அமைந்துவிடுகிறது: நுளம்புக்குள் விரைவாகப் பெருகலாம், மனிதக் கலத்தில் இலகுவாக ஒட்டலாம், உடலின் காவலை ஏய்க்கலாம். அந்தப் பிரதி மற்றவற்றை முந்திப் பரவுகிறது.

ஏட்டுச்சுவடிகளின் பாடபேதங்களைப் படித்தவர்களுக்கு அடுத்த படி எளிதில் விளங்கும். இரண்டு ஏடுகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தால், இரண்டும் ஒரு மூல ஏட்டின் வழி வந்தவை என்று பதிப்பாசிரியர் ஊகிப்பார். வைரசுகளின் எழுத்துகளை ஒப்பிட்டு அவற்றின் குடும்ப மரத்தை வரையும் ஆய்வாளரும் இதையே செய்கிறார்கள். எந்தக் கிளை எந்த நாட்டிலிருந்து எந்த நாட்டுக்குப் போனது என்பதை இப்படித்தான் சொல்ல முடிகிறது.

பழைய காவல், புதிய வைரசு

முதலில் உடலின் பழைய கதையைப் பார்ப்போம். 1960களில் பாங்கொக் பிள்ளைகளிடம் ஸ்கொட் ஹால்ஸ்டெட் முதலானோர் செய்த ஆய்வுகள், கடும் டெங்கு பெரும்பாலும் இரண்டாம் தடவை தொற்றுவோருக்கே வருவதைக் காட்டின. முதல் தொற்றில் பலருக்குக் காய்ச்சலே தெரிவதில்லை. தமக்கு வந்ததே தெரியாமல் வாழ்வோர் ஏராளம்.

ஒரு தொற்றுக்குப் பிறகு உடல் பிறபொருளெதிரிகளை வைத்துக்கொள்கிறது. அதே வகை மீண்டும் வந்தால் அவை இறுகப் பற்றி அழித்துவிடும். வேறு வகை வந்தால் பிடி தளர்ந்திருக்கும்: ஒட்டும், ஆனால் செயலிழக்கச் செய்யாது. பிறபொருளெதிரி ஒட்டிய எதையும் விழுங்குவது நமது வெண்குருதிக் கலங்களில் சிலவற்றின் வேலை. டெங்கு வைரசு பெருகுவதோ அதே கலங்களுக்குள்தான். திருடனைப் பிடித்துக் கொடுக்கப்போனவர், கைவிலங்கைச் சரியாகப் பூட்டாமல் பொலிஸ் நிலையத்தின் ஆயுத அறைக்குள்ளேயே அவனை விட்டுவந்த கதைதான் இது.

கியூபாத் தீவில் இது பெரிய அளவில் நடந்தது. 1977இல் அங்கே டெங்கு-1 பரவியது, பெருந்தீங்கு இல்லை. 1981இல் டெங்கு-2 வந்தது. 344,203 பேர் நோயுற்றார்கள், 158 பேர் இறந்தார்கள். 1997இல் சந்தியாகோ நகரில் மீண்டும் டெங்கு-2 பரவியபோது, பழைய டெங்கு-1 காலத்தைக் கண்ட வளர்ந்தவர்களே கடும் நோய்க்கு ஆளானார்கள். அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் தப்பினார்கள்.

இத்துடன் கதை முடிந்திருந்தால், "இரண்டாம் தடவைதான் காரணம்" என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் பெரு நாட்டில் நடந்த ஒன்று அப்படி முடிக்க விடவில்லை.

இக்கிடோசில் வராத மரணம்

அமேசன் ஆற்றங்கரையிலுள்ள இக்கிடோஸ் நகரில் 1990இல் டெங்கு-1 பரவியது. 1995இல் டெங்கு-2 வந்தது. கியூபாவின் அதே வரிசை. நகரத்துப் பிள்ளைகளில் பெரும்பகுதியினர் இரண்டாம் தொற்றுக்கு ஆளானது குருதிப் பரிசோதனைகளில் உறுதியானது. கணக்குப்படி நூற்றுக்கணக்கில், ஏன் ஆயிரக்கணக்கிலும் கடும் நோயாளர் வந்திருக்க வேண்டும். ஆய்வாளர்கள் தேடினார்கள். குருதிப்பெருக்கு டெங்கு ஒன்றுகூட அகப்படவில்லை.

வித்தியாசம் வைரசின் கிளையில் இருந்தது. 1981இல் கியூபாவைத் தாக்கியது ஆசியாவிலிருந்து வந்த டெங்கு-2. இக்கிடோசில் பரவியதோ அமெரிக்கக் கண்டத்தில் நெடுங்காலம் இருந்துவந்த டெங்கு-2. வகை ஒன்று, கிளை இரண்டு. பின்னர் ஆய்வுகூடத்தில் பார்த்தபோது மூன்று விடயங்கள் வெளிவந்தன. டெங்கு-1 கண்டவர்களின் பிறபொருளெதிரி அமெரிக்கக் கிளையை நன்றாகவே செயலிழக்கச் செய்தது. ஆசியக் கிளையை அவ்வளவாகத் தடுக்கவில்லை. ஆசியக் கிளை மனித நிர்ப்பீடனக் கலங்களில் கூடுதலாகப் பெருகியது. நுளம்பின் உடலிலும் அதற்கே வாய்ப்புக் கூடுதலாக இருந்தது. வைரசின் மேலுறைப் புரதத்தில் 390ஆம் இடத்திலுள்ள ஒரே ஓர் அமினோ அமிலமும் இந்த வேறுபாடுகளில் ஒன்று.

புரதத்தை ஆக்காத எழுத்துகளும் சும்மா இருப்பதில்லை. 1994இல் புவேர்ட்டோ ரிக்கோவில் டெங்கு-2 இன் ஒரு கிளை பழைய கிளையைத் தள்ளிவிட்டுப் பெரும் பரவலை உண்டாக்கியது. 2015இல் வெளியான ஆய்வொன்று அதன் சூட்சுமத்தைக் காட்டியது. ஆர்.என்.ஏ. இழையின் கடைசி ஓரத்தில், ஏட்டின் கடைசி இதழ் போல எந்தப் புரதத்துக்கும் கட்டளையிடாத பகுதியில், சில எழுத்துகள் மாறியிருந்தன. அந்த மாற்றத்தால் உண்டான ஆர்.என்.ஏ. துண்டுகள் கலத்தின் அபாய மணியை அடிக்கும் புரதமொன்றைப் பற்றிக்கொண்டன. மணி அடிக்கப் பிந்தியது, வைரசு பெருகிவிட்டது.

ஆக, இரண்டாம் தடவை என்பது மட்டும் காரணமல்ல. எந்த வகைக்குப் பின் எந்த வகை, அந்த வகையில் எந்தக் கிளை என்பதும் சேர்ந்துதான் முடிவைத் தீர்மானிக்கிறது.

1989இல் நமது நாட்டில்

இலங்கையில் டெங்கு 1960களிலிருந்தே அறியப்பட்டது. 1980களில் நான்கு வகைகளும் கொழும்பில் இருந்தன. ஒன்றுக்கு மேற்பட்ட தடவை தொற்றியவர்களும் இருந்தார்கள். ஆனாலும் குருதிப்பெருக்கு டெங்கு அரிதாகவே இருந்தது. 1989இல் நிலைமை மாறியது. அடுத்த ஆண்டே நோயாளர் தொகை ஆயிரத்தைத் தாண்டியது.

ஆய்வாளர்கள் இரண்டு காலத்தையும் ஒப்பிட்டார்கள். தொற்றும் வேகம் திடீரென்று கூடவில்லை. புதிய வகை எதுவும் நாட்டுக்குள் வரவில்லை. நான்கும் முன்பிருந்தவைதான். மாறியிருந்தது டெங்கு-3. 1989க்கு முன்னர் எடுத்த டெங்கு-3 மாதிரிகளும் பின்னர் எடுத்தவையும் குடும்ப மரத்தில் நெருங்கிய உறவுதான். ஆனால் தெளிவாகப் பிரிந்த இரண்டு கிளைகள். பழைய கிளை மறைந்து புதிய கிளை இடம்பிடித்த அதே காலத்தில்தான் கடும் நோயும் தலைகாட்டியது. அந்தக் கிளையின் உறவுகளைப் பின்தொடர்ந்தபோது, இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து கிழக்காபிரிக்காவுக்கும், 1994இல் நிக்கரகுவா, பனாமா நாடுகளுக்கும் அதன் வழி நீண்டது.

அதற்குப் பிந்திய இரு பெரும் பரவல்களிலும் இதே சுவடு தெரிகிறது. 2009இல் தென்கிழக்காசிய உறவுடைய புதிய டெங்கு-1 கிளை வந்து பழையதைத் தள்ளியது. அதன்பின் சில ஆண்டுகள் டெங்கு-1 இன் ஆட்சி; டெங்கு-2 மிக அருகியிருந்தது. 2017இல் டெங்கு-2 திரும்பி வந்தபோது அதற்கெதிரான நிர்ப்பீடனம் இல்லாத, ஆனால் டெங்கு-1 ஐக் கண்டிருந்த ஒரு தலைமுறை காத்திருந்தது. அந்த ஆண்டு 186,101 பேர் நோயாளராகப் பதிவானார்கள்.

என் மாணவனின் உம்மாவிடம் பின்னர் ஒருநாள் கேட்டேன். "ரெண்டாயிரத்து ஒன்பதில இவனுக்குக் காய்ச்சல் ஏதும் வந்ததா?" யோசித்துவிட்டுச் சொன்னார். "ஊரெல்லாம் வந்திச்சே சேர், இவனுக்கும் வந்திச்சு. பனடோலோட போயிட்டு." அப்போது மூத்தவனுக்கு ஏழு வயது, சின்னவன் கைக்குழந்தைப் பருவம் தாண்டியிருந்தான், அவ்வளவுதான். 2017இல் இருவரையும் கடித்தது ஒரே நுளம்பாக இருக்கலாம்; இருவருக்குள்ளும் போனது ஒரே வைரசாக இருக்கலாம். ஆனால் அநேகமாக மூத்தவனுக்கு அது இரண்டாம் சந்திப்பு, சின்னவனுக்கு முதற் சந்திப்பு. உம்மா பார்த்த பார்வையில் குறை இருக்கவில்லை.

சின்னவனைப் பற்றியும் அன்று ஒன்று சொல்லிவைத்தேன். "இவனுக்குத்தான் இனிக் கூடக் கவனம் வேணும். அடுத்த முறை வேற வகை வந்தா, இவனுக்கும் ரெண்டாவது."

எழுத்து மட்டும் முடிவல்ல

தடுப்பூசி ஏன் இவ்வளவு சிக்கலாகிறது என்பதும் இதனால் விளங்கும். ஒரே ஊசி நான்கு வகைக்கும் சமமான காவல் தரவேண்டும். பிலிப்பைன்சில் 2016இலிருந்து எட்டு இலட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகளுக்கு டெங்வாக்சியா எனும் தடுப்பூசி போடப்பட்டது. முன்பு டெங்கு கண்டவர்களை அது காத்தது. முன்பு காணாதவர்களிலோ, ஊசியே முதல் தொற்றைப் போல வேலை செய்து, பின்னர் வரும் தொற்றில் கடும் நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுவதாக 2017 இறுதியில் தெரியவந்தது. அங்கே எல்லாத் தடுப்பூசிகள் மீதும் மக்களுக்கு ஐயம் பிறந்தது. அந்த ஐயம் தவறு. அது டெங்குவுக்கேயுரிய இந்தக் குணத்தால் வந்த சிக்கல்.

வைரசின் எழுத்தை நாம் மாற்ற முடியாது. அதற்காகக் கைகட்டி நிற்கவும் வேண்டியதில்லை. இரண்டு எண்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2009இல் 35,000க்கும் மேற்பட்ட நோயாளரில் 346 பேர் இறந்தார்கள். நூற்றுக்கு ஒருவர் அளவு. 2017இல் 186,101 பேரில் 440 பேர். ஆயிரத்துக்கு இரண்டு அல்லது மூன்று பேர். வைரசு வகை வேறு, பதிவுசெய்யும் முறையும் விரிந்திருந்தது என்பதை ஒதுக்கிவிட முடியாது. ஆனாலும் இடைப்பட்ட காலத்தில் நமது வைத்தியர்களும் தாதியரும் டெங்கு நோயாளியின் நீர்ச்சமநிலையை மணிக்கு மணி கணக்கிட்டுப் பார்க்கக் கற்றுக்கொண்டது இதற்கொரு முக்கிய காரணம்.

டெங்குவில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் நாம் கண்ணால் காணும் குருதிக்கசிவு அல்ல. குருதிக் குழாய்ச் சுவரினூடாகக் குருதியின் நீர்ப்பகுதி உள்ளுக்குள்ளேயே கசிந்துபோவதுதான். குருதி தடிக்கிறது, அழுத்தம் விழுகிறது, உறுப்புகள் பசியில் வாடுகின்றன. இந்தக் கசிவு தொடங்குவது காய்ச்சல் இறங்கும் வேளையில். நீடிப்பது ஒரு நாள் அல்லது இரண்டு நாள். "காய்ச்சல் விட்டுட்டு, வீட்ட போவம்" என்று நாம் அவசரப்படும் அந்த வேளைதான் கண்டம்.

ஆகவே வீட்டில் செய்யவேண்டியவை சில. காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டும், அளவோடு. அஸ்பிரின், இபுபுரூபன் வகை மருந்துகள் வேண்டாம். காய்ச்சல் மூன்று நாளாகியும் நின்றால் முழுக் குருதிப் பரிசோதனை. கடும் வயிற்றுவலி, நில்லாத வாந்தி, முரசிலோ மூக்கிலோ குருதி, சோர்வு, குளிர்ந்த கைகால், சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் உடனே வைத்தியசாலை. குழந்தை வைத்தியரோ வார்ட்டுத் தாதியோ கேட்குமுன் நாமாகவே சொல்லவேண்டிய ஒரு வசனமும் உண்டு: "இவருக்கு முன்னமும் ஒருக்கா டெங்கு வந்தது."

அம்வாஸ் கொள்ளைநோயின்போது சாம் தேச எல்லைவரை வந்த கலீபா உமர் (ரழி) அவர்கள், தோழர்களுடன் ஆலோசித்துவிட்டுத் திரும்பிச் சென்றதைப் பயான்களில் கேட்டிருக்கிறோம். விதியை நம்புவது வேறு. பீலியில் தேங்கிய தண்ணீரை அப்படியே விட்டுவைப்பது வேறு. நுளம்பு பெருகாத ஊரில் டெங்குவின் எந்தக் கிளைக்கும் பயணம் செய்ய வாகனம் இல்லை. பெயர்த்தெழுதும் வாய்ப்புக் குறையக் குறைய, புதிய பிசகு பிறக்கும் வாய்ப்பும் குறைகிறது.

ஒரு வீட்டில் ஒரு பிள்ளை எழும்பி மற்றப் பிள்ளை விழுந்தால், அந்தத் தாயிடம் "சரியாப் பாக்கல்ல" என்று சொல்லுமுன் ஒரு கணம் நிற்போம். அவர் கையில் இல்லாத பத்தாயிரத்து எழுநூறு எழுத்துகளும், எட்டு ஆண்டுக்கு முந்திய ஒரு சின்னக் காய்ச்சலும் அந்தக் கட்டிலருகே நிற்கின்றன. பழியை விட்டுவிட்டு, அவருக்குப் பதிலாக ஓர் இரவு பிள்ளைக்குக் காவல் இருப்போம். குடித்த தண்ணீரையும் போன சிறுநீரையும் ஒரு தாளில் குறித்துக் கொடுப்போம். அதுதான் அந்தப் பிள்ளைக்கு உதவும்.